சேர்வரைத் தராசில் வைத்து வாங்குவது எப்படி?

ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவைப் பகுதி வியாபார சகோதரர்கள் கடந்த சில மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். கடையில் நான்கு கம்பியூட்டர் ஆகிவிட்டது. ஸ்டோர் ஓரிடத்தில், கடை இன்னோரிடத்தில். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சேர்வர் போட வேண்டும். கொழும்பிலிருந்து இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. எதை எடுப்பது?

கொட்டேஷனைப் பிரித்துப் பார்த்தால் ஜிகாஹேர்ட்ஸ் என்றும், கோர் என்றும், ஜீ.பீ. என்றும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சம்பள வாரச் சனிக்கிழமை பின்னேரம் கடை நிரம்பி வழியும்போது நிமிடத்துக்கு எத்தனை பில் போடலாம் என்று மட்டும் எங்குமே இராது. அரிசி மூடை வாங்கும்போது நாம் நிறையைக் கேட்கிறோம். சேர்வர் வாங்கும்போது மட்டும் சாக்கின் நிறத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறோம்.

கம்பியூட்டர் துறையில் இந்தத் தராசுக்குப் பெயர் 'பெஞ்ச்மார்க்'. ஒரு குறித்த வேலையைக் கொடுத்து, அதை எத்தனை நேரத்தில், எவ்வளவு செலவில் இயந்திரம் செய்து முடிக்கிறது என்று அளப்பதுதான் அது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணி இதை ஒதுக்கிவிட வேண்டாம். இதன் கதையே ஒரு தேயிலைக் கம்பனியில்தான் ஆரம்பிக்கிறது.

தேயிலைக் கம்பனி கட்டிய கம்பியூட்டர்

லண்டனில் ஜே. லையன்ஸ் அன்ட் கம்பனி என்று ஒரு நிறுவனம் இருந்தது. தேயிலையைக் கலந்து பொதி செய்து விற்பதும், நகரெங்கும் தேநீர்க் கடைகள் நடத்துவதும், கேக், பாண் தயாரிப்பதும் அதன் தொழில். ஒரு கப் தேநீரில் கிடைக்கும் இலாபம் சொற்பம்; அதற்கான கணக்கு எழுதும் செலவோ பெரிது. 1947இல் இந்தக் கம்பனி தோம்சன், ஸ்டான்டிங்ஃபோர்ட் என்ற தனது இரு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே கம்பியூட்டர் என்று ஒன்று உருவாகி வருவதைக் கண்டு, திரும்பி வந்ததும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்பியூட்டர் முயற்சிக்கு லையன்ஸ் 3,000 பவுண் உதவி செய்தது. பின்னர் அதே மாதிரியைப் பின்பற்றித் தானே ஓர் இயந்திரம் கட்டியது. அதன் பெயர் 'லியோ'. 1951இல் அது பேக்கரி உற்பத்திகளின் பெறுமதியைக் கணக்கிடும் வேலையைச் செய்தது. வியாபாரக் கணக்கை வழமையாகச் செய்த உலகின் முதல் கம்பியூட்டர் என்று வரலாற்றில் இடம்பெற்றிருப்பது இதுதான்.

லியோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக் காட்டப்படும் ஓர் அளவு உண்டு. அனுபவமுள்ள ஒரு கிளார்க் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் எடுத்தார். லியோ அதை ஒன்றரை விநாடியில் முடித்தது. இயந்திரம் விநாடிக்கு எத்தனை கூட்டல் செய்யும் என்று லையன்ஸ் பெருமையடிக்கவில்லை. ஓர் ஆளின் சம்பளத்துக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் அவர்களது கேள்வி. நம் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதியவர்களுக்கு இந்த அளவு உடனே விளங்கும். பெயர் விழுந்த நாள், மேலதிகக் கிலோ, முற்பணக் கழிவு, சேமலாப நிதி என்று ஓர் ஆளுக்கு எத்தனை கட்டம் நிரப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு படிப்பினையும் லியோவில் உண்டு. கணக்குப் போடும் வேகம் கிடைத்துவிட்டது. ஆனால் விபரங்களை உள்ளே ஊட்டுவதும், விடையை அச்சடித்து வெளியே எடுப்பதும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. காகித நாடாவும் துளையிட்ட அட்டைகளும் மெதுவாக நகர, வேகமான இயந்திரம் சும்மா காத்துக் கிடக்கும் நிலை ஏற்பட்டது. சம்பள வேலையை ஒழுங்காக ஓட்டுவதற்கு 1954 வரை சென்றது. எழுபது வருடங்களுக்கு மேலாகியும் கடைகளில் நான் காண்பது இதே நோயைத்தான். ப்ரொசஸர் தூங்குகிறது, டிஸ்க் மூச்சு வாங்குகிறது, முதலாளியோ இன்னும் பெரிய ப்ரொசஸருக்குக் காசு தேடுகிறார்.

மொத்த வியாபாரியை வைத்துச் செய்த தராசு

பிற்காலத்தில் கம்பியூட்டர் கம்பனிகள் பெருகியதும் ஒவ்வொன்றும் தனக்கு வசதியான அளவைச் சொல்லத் தொடங்கின. ஆளுக்கொரு தராசு, ஆளுக்கொரு படிக்கல். 1985 ஏப்ரலில் ஜிம் கிரே என்ற அறிஞர், இருபதுக்கும் மேற்பட்ட சகாக்களுடன் சேர்ந்து, தன் பெயரைப் போடாமல் 'டேட்டாமேஷன்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1973இல் ஒரு பெரிய வங்கி தனது 1,000 கிளைகளையும், 10,000 காசாளர்களையும், ஒரு கோடிக் கணக்குகளையும் ஒரே கம்பியூட்டர் அமைப்பில் இணைக்க விரும்பியதையும், விநாடிக்கு 100 கொடுக்கல் வாங்கல்களை அது தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்ததையும் எடுத்துக் காட்டி, இதையே பொது அளவாக வைப்போம் என்றார். நூற்றுக்கு 95 கொடுக்கல் வாங்கல்கள் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும், முழு அமைப்பின் விலையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பவை அக்கட்டுரையின் நிபந்தனைகள்.

1988 ஆகஸ்டில் ஓம்ரி செர்லின் என்பவரின் முயற்சியில் எட்டுக் கம்பனிகள் சேர்ந்து டீ.பீ.சீ. என்ற சபையை அமைத்தன. கொடுக்கல் வாங்கல் செயற்றிறனை அளப்பதற்கான சபை அது. அதன் மூன்றாவது அளவுகோலான 'டீ.பீ.சீ.-சீ' 1992இல் வந்தது. இதன் கற்பனைக் கதாநாயகன் யார் தெரியுமா? வங்கியல்ல, நம்மைப் போன்ற ஒரு மொத்த வியாபாரி.

அவருக்குக் களஞ்சியங்கள் உண்டு. ஒவ்வொரு களஞ்சியமும் 10 பிரதேசங்களுக்குச் சரக்கு அனுப்பும். ஒவ்வொரு பிரதேசத்திலும் 3,000 வாடிக்கையாளர். விற்பனைப் பொருட்கள் ஒரு இலட்சம். நாள் முழுவதும் ஐந்து வேலைகள் நடக்கும்: புதிய ஓடர் எடுத்தல், காசு வரவு வைத்தல், 'என் ஓடர் என்ன ஆயிற்று' என்று கேட்பவருக்குப் பதில் சொல்லல், சரக்கு அனுப்புதல், ஸ்டொக் குறைந்துவிட்டதா என்று பார்த்தல். ஓர் ஓடரில் சராசரியாகப் பத்துப் பொருட்கள். சில பொருட்களை வேறு களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிவரும். நூறு ஓடரில் ஒன்று, இலக்கத்தைப் பிழையாக அடித்ததால் பாதியில் இரத்தாகும். அப்போது அதுவரை எழுதியதை இயந்திரம் சுத்தமாக அழித்துத் திருப்ப வேண்டும்.

இதை அமைத்தவர்கள் கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வாடிக்கையாளர் 'கடன் சரியில்லாதவர்' என்ற அடையாளத்துடன் பதியப்பட்டிருப்பர்! அவர்கள் காசு கட்ட வரும்போது கூடுதல் குறிப்பும் எழுதப்பட வேண்டும். காசு கட்ட வருவோரில் நூற்றுக்கு அறுபது பேர் இலக்கம் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வர். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இயந்திரம் அவர்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளவரை எடுக்க வேண்டும். நம் கடன் கொப்பியில் எத்தனை முஹம்மத், எத்தனை செல்வராஜ் இருக்கிறார்கள் என்பதை எண்ணினால் இதன் நியாயம் விளங்கும்.

விடை இரண்டு இலக்கங்களாக வரும். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை புதிய ஓடர் முடிந்தது என்பது. மற்றது, அந்த ஓடர் ஒன்றுக்கு விழுந்த செலவு. இயந்திரம், மென்பொருள், மூன்று வருடப் பராமரிப்பு எல்லாம் இதில் அடக்கம். புதிய ஓடர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஐந்து விநாடிக்குள் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவு ஏற்றுக்கொள்ளப்படாது. சுயாதீனக் கணக்காய்வாளர் ஒருவரும் பரிசோதனையைச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு களஞ்சியத்துக்கு நிமிடத்தில் 12.86 ஓடருக்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது. அதிக ஓடர் காட்ட வேண்டுமானால் அதிக களஞ்சியங்களும், அதற்கேற்ற பெரிய தரவுத் தொகுதியும் இருக்க வேண்டும். சின்னஞ்சிறு கொப்பியை வைத்துக்கொண்டு வேகமாகப் புரட்டிக் காட்டும் தந்திரத்தை இது தடுத்தது. கடைக்கு வந்து 'டெமோ' காட்டும் இளைஞர் இருநூறு பொருட்களை மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு, பாருங்கள் எப்படிப் பறக்கிறது என்று சொல்லும்போது இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருட பில்கள் ஏறிய பிறகும் பறக்கிறதா என்பதே கேள்வி.

இத்தனை விதிகள் இருந்தும், பெரிய கம்பனிகள் வெளியிடும் இலக்கங்கள் நம் தீர்மானத்துக்கு நேராக உதவா. 2020இல் சீனாவின் ஓஷன்பேஸ் என்ற தரவுத்தள அமைப்பு நிமிடத்துக்கு 70 கோடிக்கு மேற்பட்ட ஓடர்களைக் காட்டியது. அது ஓர் இயந்திரமல்ல, மேகக் கணினியில் கூட்டிச் சேர்த்த பெரும் சேர்வர் படை. ஜேர்மனியின் சாப் நிறுவனம் 1990களிலிருந்து தனது விற்பனை மென்பொருளுக்கென்றே வேறோர் அளவுகோல் வைத்திருக்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. 1980களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் என்ற பேராசிரியரும் சகாக்களும் தரவுத்தள மென்பொருட்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டனர். ஒரக்கிள் அதில் நன்றாகச் செய்யவில்லை. அதன் பின்னர், எங்கள் அனுமதியின்றிப் பரிசோதனை முடிவை வெளியிடக் கூடாது என்ற வாசகம் மென்பொருள் உரிம ஒப்பந்தங்களில் ஏறியது. அதற்கு 'டிவிட் வாசகம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. தராசை வெளியில் காட்டாதே என்று சொல்லும் வியாபாரம்! ஆகவே வெளியில் தேடுவதைவிட, நம் கடையிலேயே ஒரு தராசு கட்டிக்கொள்வது நல்லது.

ராகலைக் கடைக்கு ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு மொத்த, சில்லறைக் கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 300 பில். தோட்டச் சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை 900. அதில் பாதி, பின்னேரம் 3 மணி முதல் 6 மணிக்குள் வருகிறது. 450 பில்லை மூன்று மணித்தியாலத்தில் போட்டால் நிமிடத்துக்கு இரண்டரை. பஸ் வந்து நின்று கூட்டம் ஒன்றாக இறங்கும் நிமிடத்தில் ஆறு என்று வைப்போம். பில்லுக்குப் பன்னிரண்டு வரி என்றால் நிமிடத்துக்கு 72 வரி.

சகோதரர்களே, இன்று சந்தையில் கிடைக்கும் ஆகச் சிறிய சேர்வருக்கும் இது ஒரு வேலையே அல்ல. எனவே இந்த அளவிலான கடைக்காரர் இரண்டு மடங்கு விலைக் கொட்டேஷனை எடுப்பதற்கு, பில் போடும் வேகம் ஒரு காரணமாக இருக்க முடியாது. இதைச் சொல்வதால் சில விற்பனை முகவர்கள் என்னோடு கோபிக்கலாம், கோபித்துவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் சனிக்கிழமை ஏன் கவுண்டரில் வரிசை நிற்கிறது? பெரும்பாலும் மூன்று காரணங்கள். அதே நேரத்தில் உள்ளறையில் யாரோ மாத அறிக்கை எடுக்கிறார். அல்லது மென்பொருளில் சுட்டி ஒழுங்காக அமைக்கப்படாததால் ஒரு பொருளைத் தேட முழுப் பட்டியலையும் புரட்டுகிறது. அல்லது டிஸ்க் தாமதிக்கிறது. பழைய வகை ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றும். அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு பில்லையும் உண்மையாகவே டிஸ்க்கில் எழுதி முடித்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக அது எழுதக்கூடியது விநாடிக்கு ஏறத்தாழ நூற்றிருபது தடவைதான். மென்பொருள் பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதினால் அதுவும் சுருங்கிவிடும். எஸ்.எஸ்.டி. போட்டால் இந்தத் தடை பெருமளவு நீங்கும். எனினும் மின்சாரம் போகும் கணத்தில் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் பாதுகாப்புள்ள, சேர்வருக்கான எஸ்.எஸ்.டி.யைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ப்ரொசஸரில் மிச்சம் பிடிக்கும் காசு இதற்குச் செலவாகட்டும்.

வரிசையைப் பற்றி இன்னொரு கணக்கு. ஆட்கள் நினைத்த நேரத்தில் வரும் எந்தக் கவுண்டருக்கும் பொதுவான விதி இது, சேர்வருக்கும் பொருந்தும். ஒரு வேலைக்கு 2 விநாடி என்று வைப்போம். இயந்திரம் பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், காத்திருப்பையும் சேர்த்து ஒருவருக்கு 4 விநாடி ஆகும். நூற்றுக்கு எண்பது வீதம் வேலையில் இருந்தால் 10 விநாடி. தொண்ணூறு வீதம் என்றால் 20 விநாடி. அதாவது எண்பதிலிருந்து தொண்ணூறுக்கு ஏறும் சின்ன ஏற்றம் காத்திருப்பை இரட்டிப்பாக்கி விடுகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய சேர்வர், இன்று ஒரேயொரு கவுண்டரைக் கூட்டியதும் படுத்துவிட்டது என்று சொல்வார்களே, அதன் இரகசியம் இதுதான். ஆகவே உச்ச நேரத்திலும் அறுபது வீதத்துக்கு மேல் போகாத இயந்திரமாகப் பார்த்து எடுங்கள்.

சராசரியைச் சொன்னால் ஏற்கவும் வேண்டாம். பத்து பில்லில் ஒன்பது ஒரு விநாடியிலும், ஒன்று 31 விநாடியிலும் முடிந்தால் சராசரி 4 விநாடி. கேட்க நன்றாயிருக்கும். அந்தப் பத்தாவது வாடிக்கையாளரோ சாமானை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். டீ.பீ.சீ. சபை சராசரியோடு நின்றுவிடாமல் தொண்ணூறு வீத அளவைக் கேட்டது இதற்காகவே.

பரிசோதனையைச் செய்யும் முறை

விற்பவரிடம் ஒரு வாரத்துக்கு இயந்திரத்தை இரவல் கேளுங்கள். தர மறுப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். உங்கள் கடையின் உண்மையான தரவுகளின் பிரதியொன்றை அதில் ஏற்றுங்கள். பிரதிதான், மூலமல்ல. கடந்த வருடத் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமையின் பில் கட்டை எடுத்து, கடை பூட்டிய பிறகு எல்லாக் கவுண்டர்களிலும் பையன்களை இருத்தி, ஒரு மணித்தியாலம் அதே பில்களை அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருவர் ஸ்டொக் அறிக்கை எடுக்கட்டும். இன்னொருவர் எல்லாப் பொருட்களின் விலையையும் ஒன்றாக மாற்றட்டும். 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனபோது பலர் செய்ய வேண்டியிருந்த வேலைதான் இது, திரும்பவும் வரலாம். ஒருவர் கையில் கடிகாரத்துடன் ஒவ்வொரு பில்லும் முடிய எடுக்கும் விநாடிகளைக் குறிக்கட்டும்.

இதை மூன்று தரம் செய்யுங்கள். இயந்திரத்தை அணைத்துப் போட்ட உடன் ஓடும் முதல் ஓட்டம் மெதுவாக இருக்கும். தரவுகள் இன்னும் ராமுக்கு வரவில்லை. அதையும் தனியாகக் குறித்து வையுங்கள், காலையில் கடை திறக்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் வேகம் அதுவே. இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது மென்பொருள், தரவு, பில் கட்டு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் டிஸ்க்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் வேகம் வந்தது என்று தேடினால் விடை கிடைக்காது. கம்பியூட்டர் தெரிந்த மகனோ மருமகனோ இருந்தால் 'ஹேமர்டீபீ' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு டீ.பீ.சீ.-சீ போன்ற சுமையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அது உங்கள் பில் மென்பொருளின் குறையைக் காட்டாது.

அடுத்தது, பலர் செய்யப் பயப்படும் பரிசோதனை. பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சேர்வரின் வயரைப் பிடுங்குங்கள். திரும்பப் போட்டதும் கடைசியாக அச்சடித்த பில் கணக்கில் இருக்கிறதா, பாதியில் நின்ற பில் சுத்தமாக நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதியில் செய்வதால் நட்டமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்டில் இருக்கிறோம். யூ.பீ.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும், முழுச் சுமையோடு, கடிகாரம் பிடித்துப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் நிமிடத்தை நம்ப வேண்டாம்.

பிரதி எடுத்து வைத்ததிலிருந்து முழுக் கணக்கையும் வேறொரு கம்பியூட்டரில் மீட்டு எடுக்க எவ்வளவு நேரம் செல்கிறது என்பதும் ஒரு பெஞ்ச்மார்க்தான். என்னைக் கேட்டால், நிமிடத்துக்கு எத்தனை பில் என்பதைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 15 நிமிடமா, இரண்டு நாளா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்வர் வாங்குவது சரியல்ல.

சேர்வரே வேண்டாம், எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிடலாமே என்று கேட்போரும் உண்டு. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்கின் நடுவில், இணையவழிக்கு மாறியது. ராகலையில் பறித்த கொழுந்தும் இன்று ஒரு கம்பியூட்டர் திரையில் விலை போகலாம். ஆனால் அங்கே வாங்குபவர் யார், தொகுதிகள் எத்தனை, ஏல நாள் எது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். நம் கடைக்கு அப்படியல்ல. இணைய சேவை எடுக்க விரும்புவோர் அதன் வேகத்தைக் கொழும்பில் உள்ள அவர்களது காரியாலயத்தில் பார்க்காமல், ராகலைக் கவுண்டரில் இருந்து, மழை நாளில், பின்னேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இணைப்பு அறுந்திருக்கும்போதும் பில் போட்டு, இணைப்பு வந்ததும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளா என்பதை வயரைக் கழற்றியே பார்த்துவிடலாம்.

விலை ஒப்பிடும்போது பெட்டியின் விலையை மட்டும் பார்க்காமல், டீ.பீ.சீ. செய்வது போல மூன்று வருடச் செலவைக் கூட்டுங்கள். இயந்திரம், தரவுத்தள உரிமம், யூ.பீ.எஸ். பற்றரி, கொழும்பிலிருந்து ஆள் வந்து போகும் செலவு எல்லாம் அதில் சேரட்டும். சில மென்பொருட்களுக்குக் கோர் எண்ணிக்கைக்கேற்ப உரிமக் கட்டணம் உண்டு. தேவையில்லாத பதினாறு கோர் வாங்கினால் இயந்திரத்துக்கு ஒருமுறையும் மென்பொருளுக்கு ஒருமுறையும் காசு கட்ட வேண்டிவரும்.

ஓடர் கடிதம் கொடுக்கும்போது, பரிசோதனையில் கண்ட இலக்கங்களை அதிலேயே எழுதிவிடுங்கள்: எங்கள் தரவுடன், இத்தனை கவுண்டரில், பில்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இத்தனை விநாடிக்குள், மின்சாரம் போய் வந்தால் இத்தனை நிமிடத்தில் மீண்டும் வேலை. பூட்டி முடித்த பிறகு அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து, ஒத்து வந்தால்தான் இறுதித் தவணை என்றும் எழுதுங்கள். அந்தத் தாளை வொறண்டி அட்டையோடு சேர்த்து வைத்து, அடுத்த வருடம் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாக, அதே பில் கட்டை எடுத்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.